இரண்டு பாகம்

கலைவதனி வேலிக்கு அங்கால நின்று
"அண்ணை, கயிறு கிடக்கோ,
ரண்டு பாகம் காணும்"
என்றுதான் கேட்டாள்.

நான் சொன்னேன்:
விசுவமடுவில குழாய்க்கிணறு நான் மட்டுமே அடிச்சனான்?
றோட்டுக்கு மற்றப் பக்கம் போய்ப் பார்,
ஒழுங்கைக்கு மூண்டு.
அந்தத் தண்ணிப் போத்தல் கொம்பனி
நாளுக்கு எத்தனை பவுசர் உறிஞ்சுது,
அவங்களை ஆரும் கேட்டவையே?
என்ர பப்பாசிக்குச் சொட்டுக் குழாய்.
சொட்டு. விளங்குதோ? சொட்டு.
கமநல சேவை நிலையத்தின்ர கடிதம் இருக்கு,
முத்திரை குத்தினது,
வேணுமெண்டால் எடுத்துக் காட்டுறன்.

கடிதத்தை யாரும் கேட்கவில்லை.
அவள் கையில் ஒரு வாளி.
கறள் பிடித்த அதன் கைபிடியில்
பழைய கயிற்றின் முடிச்சு மட்டும் மிச்சம்.
கயிறு இத்துப் போனதா, தண்ணீர் இறங்கிப் போனதா,
அவள் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

போன கிழமை கூட்டத்துக்கு வந்த
சுற்றாடல் உத்தியோகத்தரையும் கதைக்குள் இழுத்தேன்.
திரையில் எங்கள் நிலத்தைச் சிவப்பும் மஞ்சளுமாய்க் காட்டினார்.
அறுபது பேர் இருந்தோம்.
ஆளுக்காள் அடுத்த கதிரையைத்தான் பார்த்தோம்.

சண்டைக்க பங்கருக்கு எத்தனை பனை தறிச்சது,
அப்ப எங்க போனது இந்தச் சுற்றாடல்?
செட்டிகுளத்தில, கம்பிக்குள்ள,
ஒரு கான் தண்ணிக்கு
விடிய மூண்டு மணிக்கு வரிசையில நிண்ட எனக்கோ
சிக்கனம் படிப்பிக்கினம்?

கலைவதனியும் அந்த வரிசையில் நின்றவள்.
வாய்க்குள் பாதி வசனம் இருக்கையில்
அது ஞாபகம் வந்தது.
மிச்சப் பாதியையும் சொல்லித்தான் முடித்தேன்.

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.
"அவள் கயிறெல்லே கேட்டவள்"
என்றாள் தயாபரி, வெளியே வராமல்.

கொட்டிலில் கிடந்தது நீல நைலோன்,
மோட்டரை நிலத்துக்குள் இறக்கியபின் மிஞ்சியது.
கைகளை விரித்து அளந்தேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதையும் அளந்து வெட்டினேன்.

"ரண்டு காணும் அண்ணை."

"வைச்சிரு."

ஆவணிக்குத் தேவைப்படும் என்ற சொல்
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
அதை மட்டும் சொல்லவில்லை,
அவ்வளவு கதைத்தவன்.

இரவு, அவள் இல்லாமலே அவளோடு கதைத்தேன்.
இப்போது இன்னும் நல்ல பதில்கள் வந்தன.
லீசிங்காரன் பதினைந்தாம் திகதி
மழை பெய்ததோ என்று கேட்டா வருகிறான்?
காய்கள் உள்ளங்கையளவு நிற்கின்றன,
இந்த நேரம் தண்ணீர் விடாவிட்டால் பிஞ்சோடு கொட்டும்.
நான் நிறுத்தினால்
ஒழுங்கைக்கு மூன்று பேர் நிறுத்தப் போகிறார்களா?
எல்லாம் உண்மை.
அதுதான் நித்திரையைக் கெடுத்தது.
பொய்யென்றால் ஒன்றிரண்டோடு ஓய்ந்திருப்பேன்,
உண்மைகளோ வந்துகொண்டே இருந்தன,
ஒன்றுக்கும் மனம் ஆறவில்லை.

நாலு மணிக்கு டோர்ச்சோடு வெளியே வந்தேன்.
பப்பாசி இலைகளில் பனி.
வேலிக்கு அங்கால் கப்பி கிறீச்சிட்டது.
நீலக் கயிறு ஓடும் சத்தம்.
ஒவ்வொரு கிறீச்சாய் எண்ணினேன்.
பதினொன்று, பன்னிரண்டு,
பிறகுதான் வாளி தண்ணீரைத் தொட்டது.

முந்தநாள் பதினொன்று.
மாசியில் எட்டு.
நான் எண்ணுவதில்லை என்று
தயாபரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் தாங்கிக்குள் தண்ணீர் விழும் இரைச்சலில்
ஒன்று கூடக் கேட்டிருக்கும்
என்று உடனே ஒரு பதில் வந்தது.

சரியாய்க் கேட்கவேண்டுமென்று
மோட்டரை நிறுத்தினேன்.
அதற்கு மட்டும்தான்.